டிஎன்எஸ்மாஸ்க்: பதினான்கு அறை லாட்ஜில் ஒரு வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மாமனார் படுக்கையில் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் அவர் கட்டிய லாட்ஜைக் கவனிக்க உட்கார்ந்தேன். பதினான்கு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், பின்னால் டிரைவர்கள் படுக்க ஒரு ஷெட். ரூம் பாய் முதல் பால்காரர் வரை இன்றும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவள், வைஃபையில் சேரும் போன்களுக்கு முகவரி எண் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளுக்கு விமர்சனம் எழுத வந்ததற்கு ஒரே காரணம்தான். ஒரு வருடமாகக் காலைக் காபியோடு நான் படிப்பது பேப்பர் இல்லை, அந்த மென்பொருள் ராத்திரி முழுக்க எழுதி வைத்திருக்கும் லாக், அதாவது நடப்புக் குறிப்பு வரிகள்.

கதை போன வருடம் மே மாதத்தில் ஆரம்பித்தது. கொடையில் மே என்றால் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏழு ரோட்டில் நகராத கார்கள், எல்லா லாட்ஜிலும் ‘ரூம் இல்லை’ அட்டை. எங்களுக்குச் சனிக்கிழமை ஒரு தொந்தரவும் இருக்காது. ஞாயிறு மதியம் புதிதாக வந்து இறங்குகிற குடும்பங்களுக்குத்தான் தலைவலி. வைஃபை கோடு முழுசாகத் தெரியும், பாஸ்வேர்டும் சரி, ஆனால் போன் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 2024 மே 7-இல் இருந்து மலைக்கு வர இ-பாஸ் வேண்டுமே, பின்னால் வரும் சித்தப்பா காருக்கு இங்கே சோபாவில் உட்கார்ந்தபடி பாஸ் எடுக்கப் பார்ப்பார்கள். நெட் இல்லை. அந்தக் கோபமெல்லாம் கவுண்டரில் என் தலையில்.

இணைப்பு கொடுத்தவர்களுக்கு போன் செய்தால் ஒரே பதில்: “பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்.” செய்தேன், சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் செய்தேன், அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் சரியானதால் காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தங்கை மகன் திண்டுக்கல்லில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். லீவுக்கு வந்திருந்தவன் மூன்றாவது ஞாயிறு கூத்தைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, உங்க பெட்டியில மொத்தம் எத்தனை அட்ரஸ் இருக்கு?” என்றான். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு அவன் சொன்னது இதுதான். வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிற வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். கொடுப்பது நிரந்தரமாக இல்லை, குறிப்பிட்ட நேரத்துக்கு. அதற்கு லீஸ் என்று பெயர். லீஸ் என்றதும் நம் ஊரில் மொத்தமாகப் பணம் கட்டி மூன்று வருடத்துக்கு வீடு எடுப்பதுதான் ஞாபகம் வரும். இது அந்த லீஸ் இல்லை, நாள் வாடகை.

எங்கள் பெட்டியில் 100 முகவரி, லீஸ் 24 மணி நேரம். இது போதும் எனக்கு, பேப்பரை எடுத்துவிட்டேன். அறைக்கு ஒன்றாக டிவி 14, கேமரா 6, எங்கள் ஆட்களின் போன் 9. ஆக 29 முகவரி எப்போதும் போய்விடும். மீதி 71. சனிக்கிழமை விருந்தாளிகளின் போன் 60, டிரைவர்களுடையது 8. மீதி 3. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கிப் போனவர்களின் 68 முகவரியும் திங்கள் வரை அவர்கள் பெயரிலேயே கிடக்கும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போன மாதிரி. ஞாயிறு வந்த அறுபது பேருக்கு மூன்று முகவரி!

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியானது? பெட்டி தன் பதிவேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். நோய் போகவில்லை, நோய்ச் சீட்டுதான் போனது. அந்தப் பெட்டியில் இதைச் சொல்ல ஒரு வரி கூட இல்லை. முகவரி தீர்ந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். டிஎன்எஸ்மாஸ்க் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் கெல்லி எழுதிய சின்ன மென்பொருள். விலை கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. முகவரி கொடுக்கும் வேலையையும், தளங்களின் பெயரை எண்ணாக மாற்றும் வேலையையும் சேர்த்தே பார்க்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இது உள்ளேயே இருக்கும். நாங்கள் போட்டது ராஸ்பெரி பை 4 என்கிற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் பலகையில். பையன் முதல் வருடப் புராஜெக்டுக்கு வாங்கி, அதன் பிறகு அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தது. எனக்கு ஆன செலவு ஒரு கேபிளும், அவனுக்கு மூஞ்சிக்கல்லில் வாங்கிக் கொடுத்த ஒரு பிளேட் பிரியாணியும்தான். கம்பெனிப் பெட்டியில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, அந்தப் பொறுப்பை இதனிடம் கொடுத்தோம். 192.168.20.50 முதல் 250 வரை 201 முகவரி, லீஸ் 4 மணி நேரம்.

ஏன் நான்கு? அதற்கும் கணக்குப் போட்டேன். காலி செய்தவர்களின் லீஸ் மதியம் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். அதற்குள் புதிதாக வந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்தாலும் 29, 68, இன்னொரு 68. கூட்டினால் 165. 201-க்குள் அடக்கம். எதையும் எழுதாமல் விட்டால் டிஎன்எஸ்மாஸ்க் தானாக ஒரு மணி நேர லீஸ்தான் கொடுக்கும். அது லாட்ஜுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் லாக்கில் கூச்சல் அதிகமாகிவிடும். போன்கள் லீஸில் பாதி நேரம் போனதுமே புதுப்பிக்கக் கேட்கும், ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு வரி. நான்கு மணி நேர லீஸ், எண்பது கருவி என்றால் நாளைக்குக் கிட்டத்தட்ட 2,000 வரி. அதையே ஒரு மணி ஆக்கினால் நான்கு மடங்கு.

இப்போது அந்த வரிகள். ஒரு போன் புதிதாகச் சேரும்போது லாக்கில் நான்கு வரி விழும்: டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக். இந்த முறைக்கு 1993-இல் முதல் விதி எழுதி, 1997-இல் இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்களாம். ரிசப்ஷனில் உட்கார்ந்தவளுக்கு இது விளங்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. “ரூம் இருக்கா?” “எண்பத்தேழு காலியா இருக்கு, பாக்கறீங்களா?” “சரி, அதையே போட்டுடுங்க.” “போட்டாச்சு, நாலு மணி நேரம்.” ஒவ்வொரு வரியிலும் நேரம், முகவரி எண், கருவியின் மேக் எண் (கருவியின் அடையாள எண்), கருவி சொன்னால் அதன் பெயர். ஐந்தாவதாக ஒரு வரி உண்டு, நாக். ‘முடியாது’ என்று அர்த்தம். நாக் விழுந்தால் சற்று நேரத்தில் யாரோ ஒருவரின் நாக்கு என் பக்கம் நீளப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

போட்ட அன்றே ஒரு சோதனை செய்தோம். 201-ஐ வேண்டுமென்றே ஐந்தாகக் குறைத்தான் பையன். ஆட்களின் போன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஐந்து வரை ஆக், ஆக். ஆறாவது ரூம் பாயுடையது. டிஸ்கவர் வரியின் வாலில் ‘நோ அட்ரஸ் அவைலபிள்’ என்று விழுந்தது. மூன்று ஞாயிறு நான் கவுண்டரில் வாங்கிய வசவுக்கெல்லாம் காரணம் இந்த மூன்று வார்த்தை. அந்தப் பெட்டி இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் லாக் ஒழுங்காக இருந்தால் எல்லாம் ஒழுங்கு என்று நம்பிவிடாதீர்கள். அன்று சாயங்காலமே பாடம் கிடைத்தது. எல்லோருக்கும் ஆக் விழுகிறது, நூற்றுக்கு நூறு மார்க். ஒருவருக்கும் நெட் வரவில்லை. பையன் அரை மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அமைப்புக் கோப்பில் ‘லாக்-டிஎச்சிபி’ என்று ஒரு வரி சேர்த்தான். இதைச் சேர்த்தால் முகவரியோடு வேறு என்னென்ன சொல்லி அனுப்பியது என்பதையும் வரி வரியாக எழுதும். அதில் ‘ஆப்ஷன் 3, ரவுட்டர், 192.168.20.2’ என்று இருந்தது. 20.2 என்பது எங்கள் ராஸ்பெரி பை. நெட் வரும் வாசல் 20.1, கம்பெனிப் பெட்டி. வாசல் எது என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே வாசல் என்று சொல்லிவிடும். நாங்கள் எழுத மறந்திருந்தோம், தப்பு எங்களுடையதுதான். புதிதாகப் போடுகிறவர்களுக்கு என் யோசனை: முதல் வாரம் அந்த வரியைச் சேர்த்தே வையுங்கள், பிறகு எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் லாக் ராமாயணம் ஆகிவிடும்.

ஜூன் மாதம் சீசன் ஓய்ந்து உட்கார்ந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். எந்த முகவரி யாரிடம் என்று இது ஒரு தனிக் கோப்பிலும் எழுதி வைக்கிறது, ஆளுக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ஒரு பத்து இலக்க எண் இருக்கும். முதலில் யாருடைய போன் நம்பரோ என்று நினைத்தேன். லீஸ் முடியும் நேரமாம், 1970 ஜனவரி 1-இல் இருந்து எண்ணிய விநாடிகள். மே கடைசிச் சனிக்கிழமை இரவு நான் எண்ணி வைத்திருந்த வரிகள் 140-ஐத் தாண்டியிருந்தன. என் கணக்குப்படி 97-தான் வர வேண்டும். பதினான்கு அறைக்கு யார் இத்தனை பேர்?

பழைய லாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே கருவிப் பெயர், ஒன்பது நிமிட இடைவெளியில் இரண்டு முகவரி, இரண்டு மேக் எண். இப்படி ஒன்று இரண்டு இல்லை, நாற்பதுக்கு மேல். பையனிடம் போனில் கேட்டதும் சிரித்தான். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணைக் காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-இல் இருந்தும், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை எண்ணைப் போட்டுக்கொள்கின்றன. மேக் எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் லாட்ஜில் மாடி வைஃபைக்கு ஒரு பெயர், கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு பெயர். மாடியிலிருந்து தோசைக்கு இறங்கி வந்தால் அதே போன் வேறு ஆளாகி இன்னொரு முகவரியை வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் பழைய பெட்டிக் காலத்தில் மூன்று மீதி என்று நான் போட்ட கணக்கே தாராளம்தான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எண்ணிக்கை என் கணக்குக்குள் வந்துவிட்டது.

நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் காலியாக இருக்கும் முதல் முகவரியை எடுத்து நீட்டுவதில்லை. மேக் எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டு முகவரியைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் லீஸ் முடிந்து போய், நான்கு நாள் கழித்து அதே போன் வந்தாலும் பெரும்பாலும் அதே முகவரி கிடைக்கும். எங்கள் சமையல் மாஸ்டர் எப்போதும் 133. லாக்கில் 133 என்று பார்த்தாலே காலை டிபனுக்கு ஆள் வந்துவிட்டது என்று நிம்மதி. தினம் காலை 5:40-க்கு 178 என்று ஒன்று விழும். ஒரு வாரம் அது யார் என்று பிடிபடவில்லை. பால்காரர்! கேனைச் சமையலறையில் ஊற்றுகிற மூன்று நிமிடத்தில் வாட்ஸப் பார்த்துக்கொள்கிறார். பாஸ்வேர்டை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மாஸ்டர் என்றதும் டிசம்பர் கதையைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் லீவு, லாட்ஜ் நிரம்பியிருக்கிறது, பின்பக்கம் இருக்கும் மூன்று அறையிலிருந்து மட்டும் புகார். சில போன்களில் நெட் வருகிறது, சிலவற்றில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வராததில் வருகிறது, வந்ததில் போகிறது. இப்படி ஒழுங்கே இல்லாத பழுதுதான் மனிதனைப் பைத்தியமாக்கும். லாக்கைத் திறந்தேன். ரிக்வெஸ்ட், 192.168.0.104. அடுத்த வரி நாக், 192.168.0.104, வாலில் ‘ராங் நெட்வொர்க்’. கீழே 192.168.0.107, அதற்கும் நாக். இருபது நிமிடத்தில் இப்படிப் பதினொன்று.

இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நாங்கள் கொடுப்பது 192.168.20-இல் தொடங்கும் முகவரி. 192.168.0 என்று ஒன்றை எங்கள் வாழ்நாளில் கொடுத்ததே இல்லை. ஒரு போன் வந்து “எனக்கு உங்க லாட்ஜ்ல 104-ஆம் ரூம், அதே ரூம் குடுங்க” என்கிறது. நம்மிடம் 104-ஆம் அறையே கிடையாது. அப்படியென்றால் இந்தக் கட்டடத்துக்குள் இன்னொருவர் கவுண்டர் போட்டு உட்கார்ந்து சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அறையிலிருந்த ஒரு அம்மாவின் போனை வாங்கி, உலாவியில் 192.168.0.1 என்று அடித்தேன். பழைய ரவுட்டர் ஒன்றின் லாகின் பக்கம் வந்து நின்றது. பின்பக்க அறைகளுக்கும் சமையலறைக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரே சுவிட்சிலிருந்துதான் கேபிள் போகிறது. சமையலறைக்குப் போனேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால், ஒரு பக்கம் உருகின ஆண்டெனாவோடு, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அது. மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது. “டீச்சர், அடுப்படியில டவரே எடுக்கல. வீட்ல சும்மா கெடந்துச்சு, அதான் கொண்டாந்து சொருகினேன்.” வயரைச் சொருகினால் வைஃபை வரும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதில் டிஎன்எஸ்மாஸ்குக்கு ஒரு பலவீனமும் வெளியே வந்தது. அது ஒரு முகவரியைப் புதிதாகக் கொடுக்கும் முன், அந்த முகவரியில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று பிங் அனுப்பிக் கொஞ்சம் காத்திருக்கும். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாவி கொடுக்கிற பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் பக்கத்தில் தட்டாமலே சாவியை நீட்டுகிற ஆள் ஒருவர் இருந்தால் போன் அவரிடம் போய்விடுகிறது. இப்படி ஒரு போட்டிக் கவுண்டர் வந்தால் டிஎன்எஸ்மாஸ்கால் அதைத் தடுக்க முடியாது. தடம் காட்ட மட்டும்தான் முடியும். அந்த ‘ராங் நெட்வொர்க்’ என்ற இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் நான் இணைப்புக் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸைக் கழித்திருப்பேன். மாஸ்டரின் ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து அதே டப்பாவுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டோம். இப்போது சமையலறையில் டவர் ஜோராக இருக்கிறது.

இன்னொரு வரி அமைப்பும் பழகிவிட்டது. டிஸ்கவர், ஆஃபர். டிஸ்கவர், ஆஃபர். மறுபடி டிஸ்கவர், ஆஃபர். ரிக்வெஸ்ட் வரவே வராது. கேட்கிறவர் குரல் நமக்குக் கேட்கிறது, நம் பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒரு பிப்ரவரி காலை லாக்கில் 3:40-இல் இருந்து இதே பாட்டு. மேக் எண், கேட்டில் இருக்கும் கேமராவுடையது. வைஃபையில் ஓடும் கேமரா, கட்டடத்திலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி. மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் கம்பம் சாய்ந்து, கேமரா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே ஈர மண்ணில் என் இரண்டு கை அகலத்துக்குக் குளம்புத் தடம், பக்கத்தில் ஆவி பறக்காத சாணம். காட்டுமாடு முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது. கேமரா வைத்ததே காட்டுமாடு வந்தால் தெரியட்டும் என்றுதான். படம் விழவில்லை, ஆனால் வந்த நேரம் மட்டும் நிமிடச் சுத்தமாக லாக்கில் இருந்தது.

விருந்தாளிகள் சிலர் கேட்கிறார்கள், “நாங்க என்ன பாக்கறோம்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது. இந்த வரிகளில் எந்தக் கருவி எப்போது முகவரி வாங்கியது என்பது மட்டும்தான். எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டார்கள் என்பதையும் பதிய டிஎன்எஸ்மாஸ்கில் வழி இருக்கிறது, உண்மையை மறைக்கவில்லை. நான் அதைத் திறக்கவில்லை. வயதுப் பிள்ளைகள் நோட்டைத் திருத்தியே இருபத்திரண்டு வருடம் போய்விட்டது, இனி அடுத்தவர் ரகசியம் வேறு எதற்கு?

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் 201-இல் இப்போது எத்தனை போயிருக்கிறது என்று லாக்கில் சொல்லாது. தீர்ந்த பிறகு சொல்லும், தீரப்போகிறது என்று சொல்லாது. அதனால் நானே தினம் காலையில் லீஸ் கோப்பின் வரிகளை எண்ணி, டைரியில் எழுதுகிறேன். போன்கள் போகும்போது விடைபெற்றுப் போவதில்லை. ரிலீஸ் என்று ஒரு செய்தி விதியில் இருக்கிறது, லாட்ஜில் நான் அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அப்புறம் வார்த்தைச் சிக்கனம். தந்தி அடிக்கிறவர் காசு பார்த்து எழுதியது போல இருக்கும். சில சமயம் மட்டும் வாய் திறந்து முழு வாக்கியம் பேசும். பிரிண்டருக்கு 192.168.20.60 என்று நிரந்தரமாக எழுதி வைத்தேன். அந்த நேரம் ஒன்பதாம் அறைப் போன் ஒன்று அதை வைத்திருந்தது. ‘எழுதி வைத்த 20.60-ஐக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது இன்னாரிடம் லீஸில் இருக்கிறது’ என்று அந்த இன்னாரின் மேக் எண்ணோடு சொன்னது. எல்லா வரியும் இப்படி இருந்தால் நான் முழு மார்க் போட்டிருப்பேன். நிரந்தர எண்களைப் பொதுவில் கொடுக்கும் எண்களுக்கு வெளியே, 50-க்குக் கீழே வைப்பதுதான் வசதி என்று அன்று கற்றுக்கொண்டேன்.

வேறு ஒன்றும் போட்டுப் பார்த்தோம். ரொம்ப நாளாகப் பெரிய இடங்களில் ஓடிய ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற மென்பொருளுக்குப் பராமரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. அதை எழுதியவர்களே கொடுக்கும் அடுத்த மென்பொருள் கியா. அதன் லாக்கில் ஒவ்வொரு செய்திக்கும் தனிப் பெயர் உண்டு, அந்தப் பெயரைத் தேடினால் விளக்கம் சொல்லத் தனிக் கையேடே இருக்கிறது. படிக்கிறவளுக்கு அது சொர்க்கம். ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரு கமா விட்டுப்போனால் எழுந்திருக்காது. இரண்டு நாள் பார்த்தேன். கல்லூரி, ஆஸ்பத்திரி என்றால் கியாதான் சரி, பதினான்கு அறைக்கு அது யானை கட்டித் தீனி போடுவது. திரும்ப டிஎன்எஸ்மாஸ்குக்கே வந்துவிட்டேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த எண்ணிக்கை சொல்லாத பிடிவாதத்துக்காக.

கடைசியாக மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. இது டிஎன்எஸ்மாஸ்கின் குறை இல்லை, அதைச் சுமக்கும் பலகையின் குறை. ராஸ்பெரி பை 4-இல் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கும். நெட் வந்து சரியான நேரம் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மரம் விழுந்து கரண்டும் போனது, நெட் கேபிளும் அறுந்தது. கரண்ட் மட்டும் முதலில் வந்தது. காலையில் லாக்கைப் படித்தால் அன்று இரவு 1:17 இரண்டு தடவை வந்திருக்கிறது. பால்காரர் நள்ளிரவு 2:50-க்குப் பால் ஊற்றியிருக்கிறார். நேரத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி அன்றைய பக்கம் முழுக்கக் குழப்பம்.

பையன் டிஎஸ் 3231 என்று ஒரு சின்னக் கடிகாரப் பலகை சொன்னான், நாணய அளவுப் பேட்டரியோடு பையின் தலையில் மாட்டிவிடலாமாம். ஆர்டர் போட்டேன். மூன்று நாளாக வத்தலக்குண்டு வந்து சேர்ந்துவிட்டது என்றே காட்டுகிறது, இன்னும் மலை ஏறவில்லை.